வாரம் 20 மணி நேரம்: ஒரு ஸ்லைடின் விமர்சனம்

வழக்கமாக ஒரு புத்தகத்தையோ பழைய கெஜட் பக்கத்தையோ எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுவேன். இந்த முறை எடுத்திருப்பது ஒரே ஒரு ஸ்லைடு. அக்டோபர் மாதம், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்கு தாம்பரத்தில் ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில் அதைப் பார்த்தேன். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஒரு கன்சல்டன்சி நடத்திய இலவச செமினார். என் அக்கா பையன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. யூகேயில் ஒரு வருட எம்.எஸ்ஸி. படிக்க ஜனவரி இன்டேக்கில் போகலாமா என்று யோசனை. "மாமா, நீங்க வாங்க. நான் கேட்டா மழுப்புவாங்க, நீங்க கேட்டா பதில் சொல்வாங்க" என்று கூப்பிட்டான். அக்காவும் கூட வந்தாள். ஹாலில் ஏறக்குறைய அறுபது பேர். பாதிப் பேர் பெற்றோர்.

பல்கலைக்கழகக் கட்டடங்கள், ராங்கிங், படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலை விசா எல்லாம் வேகமாக ஓடின. யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை. பிறகு ஒரு ஸ்லைடு வந்தது. செல்போன்கள் மேலே போயின, எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: படிக்கும் 40 வாரம், வாரம் 20 மணி நேரம். விடுமுறை 12 வாரம், வாரம் 40 மணி நேரம். மணிக்கு 12.21 பவுண்டு. ஒரு பவுண்டு 115 ரூபாய். மொத்தம் 18 லட்சம். கீழே சிவப்பு எழுத்தில், ஃபீஸ் 20.7 லட்சம், தங்கும் செலவு 15.7 லட்சம், அதில் பிள்ளையே 18 லட்சம் சம்பாதித்துவிடுகிறான், 'உங்கள் செலவு வெறும் 18.4 லட்சம்'.

பெருக்கல் சரி. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், ரூபாய்க்கு ரூபாய் சரியாகத்தான் வருகிறது. ஒரு மணி நேர ஊதியமும் சரி. 2025 ஏப்ரலில் பிரிட்டனில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நிர்ணயித்த சட்டப்படியான குறைந்தபட்சம் அதுதான். ஆனாலும் அந்த ஸ்லைடு தப்பு. எங்கெல்லாம் தப்பு என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்த ஸ்லைடு தாம்பரத்தில் மட்டும் இல்லை. ஜிஎஸ்டி ரோடு நெடுக ஹோர்டிங்கிலும், ஆட்டோ முதுகிலும், வாட்ஸப்பிலும் 'படிக்கும்போதே சம்பாதிக்கலாம்' என்ற பெயரில் இதே கணக்குதான் சுற்றுகிறது.

முதலில் அந்த 12 வாரம். பிரிட்டனின் மாணவர் விசாவில் 20 மணி நேர வரம்பு 'டெர்ம்' நடக்கும் காலத்துக்கு. விடுமுறையில் முழு நேரம் வேலை பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எது விடுமுறை என்பதை மாணவனோ கன்சல்டன்சியோ முடிவு செய்வதில்லை, பல்கலைக்கழகத்தின் கல்விக் காலண்டர் முடிவு செய்கிறது. இளங்கலை மாணவனுக்குக் கோடை விடுமுறை உண்டு. ஒரு வருட முதுகலை மாணவனுக்கு அந்தக் கோடையில்தான் டிஸர்ட்டேஷன் எழுதும் வேலை. பொதுவாக அது டெர்ம் கணக்கில்தான் சேரும். காலேஜ் வளாகம் காலியாக இருக்கும், வகுப்பு இருக்காது, ஆனாலும் வரம்பு 20 மணி நேரம்தான். ஸ்லைடைப் போட்டவர்கள் பி.ஏ. மாணவனின் கோடை விடுமுறையை எடுத்து எம்.எஸ்ஸி. மாணவனின் தலையில் வைத்துவிட்டார்கள். இதை நம்பி ஒருவன் ஜூலையில் வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்தால் அவன் விசா நிபந்தனையை மீறியவன் ஆகிறான். செமினார் நடத்தியவருக்கு ஒன்றும் ஆகாது.

சரி, அதைத் திருத்திவிடுவோம். 52 வாரமும் 20 மணி நேரம், ஒரு நாள் லீவு இல்லாமல், முதல் நாளே வேலை கிடைத்து, காய்ச்சல் வராமல், பரீட்சைக்குப் படிக்காமல். 12,698 பவுண்டு. இப்போது இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வைக்கிறேன். பிரிட்டிஷ் உள்துறை அலுவலகம், மாணவன் கையில் காட்ட வேண்டிய தங்கும் செலவு என்று ஒரு தொகையை நிர்ணயித்திருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து அது லண்டனுக்கு மாதம் 1,483, லண்டனுக்கு வெளியே 1,136 பவுண்டாக இருந்தது. ஒன்பது மாதத்துக்குக் காட்டினால் போதும், ஆனால் அவன் சாப்பிடப்போவது பன்னிரண்டு மாதம். வெளியூர்க் கணக்கில் 12 மாதத்துக்கு 13,632 பவுண்டு. லண்டன் என்றால் 17,796.

அதாவது, சட்டம் அனுமதிக்கும் உச்சபட்ச நேரம் முழுவதையும் குறைந்தபட்ச ஊதியத்தில் உழைத்தாலும், அதே அரசாங்கம் 'உயிர் வாழ இவ்வளவு வேண்டும்' என்று சொல்லும் தொகைக்கே 934 பவுண்டு குறைகிறது. ஃபீஸுக்கு ஒரு பைசா மிச்சம் இல்லை. 2025 நவம்பர் 11 முதல் அந்தத் தொகையை 1,529, 1,171 என்று மறுபடி ஏற்றினார்கள். இடைவெளி இன்னும் கூடியது.

இது பிரிட்டனுக்கு மட்டும் தற்செயலாக அமைந்ததா என்று பார்க்க, மற்ற இரண்டு பெரிய நாடுகளுக்கும் போட்டுப் பார்த்தேன். கனடாவில் வரம்பு இப்போது வாரம் 24 மணி நேரம். ஒன்டாரியோவில் 2025 அக்டோபரில் குறைந்தபட்ச ஊதியம் 17.60 டாலர் ஆனது. 52 வாரத்துக்கு 21,965 டாலர். விசாவுக்குக் காட்ட வேண்டிய தங்கும் செலவு, 2025 செப்டம்பரில் 22,895 டாலர் ஆனது. ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், 2025 ஜூலையில் நிர்ணயித்த ஊதியம் 24.95 டாலர், வருடத்துக்கு 31,138. காட்ட வேண்டியது 29,710. அங்கே மட்டும் தலை தண்ணிக்கு மேலே ஒரு விரல் உயரம் தெரிகிறது. (கேஷுவல் வேலைக்கு ஊதியம் கொஞ்சம் கூடுதல். ஆனால் வேலை இல்லாத வாரத்துக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.)

மூன்று நாடு, மூன்று நாணயம், மூன்று வரம்பு. கணக்கு மூன்றிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் போய் நிற்கிறது. யாரோ உட்கார்ந்து திட்டமிட்டு இப்படி அமைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விளைவு இதுதான். பார்ட் டைம் வேலை அரிசி பருப்புக்கு ஆகும், கடனுக்கு ஆகாது.

இதில் எனக்குப் பெரிய வேடிக்கையாகத் தெரிவது ஒன்று உண்டு. விசா விண்ணப்பத்தில் இந்தப் பார்ட் டைம் வருமானத்தைக் காட்டவே முடியாது. அங்கே போய்ச் சம்பாதிப்பேன் என்பது நிதி ஆதாரம் ஆகாது, முழுத் தொகையும் முன்கூட்டியே வங்கியில் 28 நாள் இருக்க வேண்டும், இல்லையென்றால் லோன் கடிதம் வேண்டும். ஆக, ஒரே கன்சல்டன்சி, ஒரே மேஜை. இந்தப் பக்கம் விசா ஆபீஸருக்குப் போகும் ஃபைல்: 'இவனுக்கு வேலை தேவையே இல்லை.' அந்தப் பக்கம் அம்மா அப்பாவுக்குக் காட்டும் ஸ்லைடு: 'பாதி செலவை இவனே பார்த்துக்குவான்.' இரண்டும் ஒரே பையனைப் பற்றியது. 28 நாளைக்கு மட்டும் கணக்கில் பணம் போட்டுக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளும் 'ஷோ மணி' பழக்கம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஓட்டையில்தான் பிழைக்கிறது.

ஸ்லைடில் இல்லாத விஷயங்களும் விமர்சனத்துக்கு உரியவைதான். 20 என்ற எண்ணைச் சொன்னவர்கள் வாரம் என்றால் என்ன என்று சொல்லவில்லை. பிரிட்டனில் வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சராசரி கிடையாது. போன வாரம் 10 மணி நேரம்தான் பார்த்தேன், அதனால் இந்த வாரம் 30 என்று சொல்ல முடியாது. இரண்டு கடையில் வேலை என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். சம்பளம் இல்லாமல் செய்யும் வேலையும் சேரும். சொந்தத் தொழில் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் நம் பசங்களை அதிகம் மாட்டிவிடும். பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்வது அங்கே பெரும்பாலும் சுயதொழிலாகத்தான் நடக்கிறது. டெலிவரூ ஓட்டுநர்களுக்கும் கம்பெனிக்கும் முதலாளி-தொழிலாளி உறவு இல்லை என்று 2023 நவம்பரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, மாணவர் விசாவில் இருப்பவன் வாரம் 5 மணி நேரம் டெலிவரி ஓட்டினாலும் அது மீறல். வரம்பு 20 என்று நினைத்துக்கொண்டிருப்பான், அவனுக்கு வரம்பு பூஜ்யம். ஃப்ரீலான்ஸ் கோடிங் செய்து சமாளிக்கலாம் என்று நினைக்கும் ஐடி பசங்களுக்கும் இதேதான்.

ஆஸ்திரேலிய விதி இன்னும் சுவாரஸ்யம். என் பிழைப்பு மென்பொருள் என்பதால் இதில் கொஞ்சம் அதிக நேரம் செலவழித்தேன். சர்வருக்கு வரும் கோரிக்கைகளைக் கட்டுப்படுத்த ரேட் லிமிட்டர் என்று ஒன்று எழுதுவோம். அதில் இரண்டு வகை. ஒன்று, கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக எண்ணுவது. இன்னொன்று, ஒரு ஜன்னலை நகர்த்திக்கொண்டே போய் எந்த இடத்தில் வைத்தாலும் வரம்பு தாண்டக்கூடாது என்பது. பிரிட்டன் முதல் வகை. ஆஸ்திரேலியா இரண்டாம் வகை. அங்கே 'இரண்டு வாரம்' என்பது ஏதாவது ஒரு திங்கட்கிழமையில் தொடங்கும் 14 நாள். எந்தத் திங்கட்கிழமையாகவும் இருக்கலாம்.

உதாரணமாக நான்கு வாரம்: 20, 28, 28, 20. கடையில் சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முதல் சம்பளச் சீட்டில் 48 மணி நேரம். இரண்டாவதில் 48. இரண்டும் சட்டத்துக்குள். ஆனால் நடுவில் இருக்கும் இரண்டு வாரத்தைச் சேர்த்தால் 56. மீறல். பையன் சம்பளச் சீட்டைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குவான். எட்டு மணி நேரம் கூடிவிட்டது என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்காது. நான் இதை அக்கா பையனிடம் சொன்னபோது, "மாமா, இது இன்டர்வியூ கொஸ்டின் மாதிரி இருக்கு" என்றான். ஆமாம். தப்பாக பதில் சொன்னால் விசா ரத்தாகும் இன்டர்வியூ.

அமெரிக்காவுக்கு ஸ்லைடில் ஒரு வரி இருந்தது: '20 மணி நேரம்'. வளாகத்துக்குள் மட்டும் என்ற இரண்டு வார்த்தையைக் காணோம். எஃப்-1 விசாவில் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை கிடையாது, அதற்குப் பிறகும் தனி அனுமதி இல்லாமல் கிடையாது. பெட்ரோல் பங்கிலும் இந்திய ரெஸ்டாரன்ட்டிலும் கைக்காசுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள் 2025 தொடக்கத்தில் பயந்து விலகிய செய்திகளை எல்லாரும் படித்திருப்போம்.

இப்போது அந்த எண்ணுக்கே வருகிறேன். ஏன் 20? எல்லா அரசுகளும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: வந்தது படிக்க, வேலை படிப்பைக் கெடுக்கக்கூடாது. கேட்க நியாயமாக இருக்கிறது. நானும் நம்பிக்கொண்டிருந்தேன், தேதிகளை வரிசையாக எழுதிப் பார்க்கும்வரை. 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியா வரம்பையே எடுத்துவிட்டது. காரணம், கோவிட் காலத்தில் எல்லையை மூடியதால் ஆள் பற்றாக்குறை. 2023 ஜூலையில் வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது, பழைய 40-க்குப் பதில் 48 ஆக. கனடா 2022 நவம்பர் 15-ல் வளாகத்துக்கு வெளியே பார்க்கும் வேலைக்கான வரம்பை நீக்கியது. அறிவித்த அமைச்சர் சொன்ன காரணமும் ஆள் பற்றாக்குறைதான். முதலில் 2023 கடைசி வரை என்றார்கள், பிறகு 2024 ஏப்ரல் 30 வரை நீட்டித்தார்கள். அன்றோடு முடிந்தது. மறுபடி 20. அந்த நவம்பரில் 24.

ஆள் வேண்டும்போது படிப்பு கெடவில்லை, வேண்டாதபோது கெடுகிறது. பார்ட் டைம் நேர வரம்பைக் கல்வி விதி என்று படிப்பதை நான் இதோடு நிறுத்திக்கொண்டேன். அது ஒரு வால்வு. தண்ணீர் தேவைப்படும்போது திறப்பார்கள்.

இதில் மாட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பரில் டொரன்டோ போன ஒரு பையன் வாரம் 40 மணி நேரக் கணக்கில் வீடு எடுத்திருப்பான், ஊருக்கு வட்டி அனுப்பியிருப்பான். மே மாதம் அவன் வருமானம் சட்டப்படி பாதி. ஃபீஸ் பாதியாகவில்லை, வாடகை பாதியாகவில்லை, இங்கே வங்கி வட்டியும் பாதியாகவில்லை. அவனுக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டு: வீட்டில் கேட்பது, அல்லது மீறுவது. ஒன்டாரியோவில் 2017 டிசம்பரில் ஒரு இந்திய மாணவர் லாரி ஓட்டிக்கொண்டு போகும்போது நெடுஞ்சாலைப் போலீஸ் நிறுத்தியது. லைசென்ஸ் இருந்தது, வரி கட்டியிருந்தார், வேறு எந்தக் குற்றமும் இல்லை. 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தார் என்பதே குற்றம். டிப்ளமோ முடிய சில நாள்தான் இருந்தது. ஃபீஸ் கட்டத்தான் ஓட்டினேன் என்றார். 2019-ல் நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து அதே நாடு, வரம்பே வேண்டாம் என்றது.

வரம்பை மீறினால் தண்டனை மாணவனுக்கு என்ற அமைப்பு முதலாளி கையில் என்ன ஆயுதத்தைக் கொடுக்கிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் செவன் இலெவன் கடைகளைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2015 ஆகஸ்டில் ஏபிசியின் ஃபோர் கார்னர்ஸ் நிகழ்ச்சியும் ஃபேர்ஃபேக்ஸ் பத்திரிகைகளும் சேர்ந்து வெளிக்கொண்டு வந்தன. பல ஃபிரான்சைஸ் கடைகளில் மாணவர்களை 40 மணி நேரம் வேலை வாங்கிவிட்டு ரிஜிஸ்டரில் 20 என்று எழுதினார்கள். அந்த 20-க்குச் சட்டப்படியான ஊதியம். தாளில் எல்லாம் சுத்தம். உண்மையில் பாதிச் சம்பளம். பையன் புகார் சொன்னால், 'நீ 20-க்கு மேலே வேலை பார்த்தவன், இமிகிரேஷனுக்கு நானே போன் போடட்டுமா' என்ற மிரட்டல். அதாவது அவனைக் காப்பாற்ற எழுதியதாகச் சொல்லப்படும் விதியே அவன் வாயை அடைத்தது. விஷயம் வெளியே வந்தபின் கம்பெனி ஊழியர்களுக்குத் திருப்பிக் கொடுத்த தொகை 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். ஒன்பது வருடம் கழித்து, 2024 ஜூலை முதல் அங்கே ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. விசா நிபந்தனையைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது முதலாளி செய்யும் குற்றம். இது சரியான திசை. மற்ற நாடுகளும் இதைச் செய்தால் 20-ஆ 24-ஆ என்ற சண்டையைவிடப் பெரிய வித்தியாசம் தெரியும் என்பது என் கருத்து.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2024 பிப்ரவரியிலிருந்து சட்டவிரோதமாக வேலைக்கு வைத்தால் ஓர் ஆளுக்கு முதல் முறை 45,000 பவுண்டு வரை, திரும்பத் திரும்பச் செய்தால் 60,000 வரை அபராதம். இதில் மணி நேர மீறலும் அடங்கும். அபராதம் முதலாளிக்குத்தானே, நல்லதுதானே என்று தோன்றும். நடைமுறையில் ஒழுங்கான முதலாளி மாணவனை எடுக்கவே யோசிப்பார், எடுத்தால் டெர்ம் தேதிகளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். ஒழுங்கில்லாத முதலாளி கைக்காசு கொடுப்பார், கணக்கே இருக்காது. பையன் எந்தப் பக்கம் தள்ளப்படுவான் என்று சொல்லத் தேவையில்லை.

வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரம்பு இல்லாவிட்டால் பாடமே நடத்தாத காலேஜ்கள் முளைக்கும். 2011-ல் கலிபோர்னியாவில் ட்ரை-வேலி என்ற பெயரில் நடந்த 'பல்கலைக்கழகம்' மூடப்பட்டபோது, பெயருக்குச் சேர்ந்து வேறு மாநிலங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சிலருக்குக் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டினார்கள், அது இந்தியாவில் பெரிய கொந்தளிப்பானது. வகுப்புக்கே போகாமல் வேலை மட்டும் என்ற வியாபாரத்துக்கு ஒரு தடை தேவை. ஆனால் தடையை உடைத்ததற்கான விலையை அந்த வியாபாரம் செய்தவனைவிட பதினெட்டாயிரம் பவுண்டு ஃபீஸ் கட்டியவன்தான் அதிகம் கொடுக்கிறான்.

வெளிநாட்டைத் திட்டுவதற்கு முன் நம் ஊரையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை, அந்தப் பக்கம் கேளம்பாக்கம் வரை உள்ள காலேஜ்களில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். இந்திய மாணவர் விசாவில் வேலை பார்க்க அனுமதிக்கப்பட்ட நேரம் எவ்வளவு? பூஜ்யம். ஒரு கடையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணி நேரம்கூடக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், படிக்க வேண்டும், போக வேண்டும். விதிவிலக்கு நேபாளம், பூட்டான் பிள்ளைகள். நேபாளத்துக்கு 1950 ஒப்பந்தத்தின்படி இங்கே வாழவும் வேலை பார்க்கவும் உரிமை உண்டு, அந்த 46,878 பேரில் 28 சதவீதம் அவர்கள்தான். மற்ற பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து பணம் வரத் தாமதமானால் ஒரு வழியும் இல்லை. இதை ஒரு அநியாயமாக நம்மில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நானும் இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்வரை யோசித்ததில்லை.

செமினாருக்குத் திரும்புகிறேன். கேள்வி நேரத்தில் நான் கேட்டது ஒன்றுதான்: "எம்.எஸ்ஸி. டிஸர்ட்டேஷன் பீரியட் டெர்ம் கணக்கா, வெகேஷன் கணக்கா?" மேடையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "சார், அது யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி மாறும். ஆனா நம்ம ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் மேனேஜ் பண்ணிக்கிறாங்க." கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. பக்கத்து வரிசையில் ஒரு அப்பா அந்த 'மேனேஜ்' என்ற வார்த்தைக்குத் தலையாட்டினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸ் இருந்தது. ஏழரை லட்சத்துக்கு மேல் எஜுகேஷன் லோன் என்றால் வழக்கமாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 27,500 ரூபாய் வட்டி மட்டுமே ஓடும். படிக்கும் காலத்தில் கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் அது மறைந்து போவதில்லை, ஏறிக்கொண்டே இருக்கும்.

அன்று ராத்திரி அக்கா வீட்டில், ராஜகீழ்ப்பாக்கத்தில், பையனின் லேப்டாப்பில் ஒரு எக்ஸெல் போட்டோம். பார்ட் டைம் என்ற வரியில் முதலில் ஸ்லைடின் 18 லட்சம். வீட்டிலிருந்து போட வேண்டியது 18.4. டெர்ம் தேதியைத் திருத்தினோம், 14.6 லட்சம் ஆனது. வீட்டுப் பங்கு 21.8. பிறகு கொஞ்சம் மனிதனைப் போல யோசித்து, 35 வாரம், வாரம் 15 மணி நேரம் என்று போட்டோம். 7.4 லட்சம். வீட்டுப் பங்கு 29. கடைசியாக நான் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடச் சொன்னேன். 36.4. அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பூஜ்யம் எதுக்குடா? ஒண்ணுமே கிடைக்காமயா போயிடும்?" என்றாள். கிடைக்கும் அக்கா, ஆனா விசா ஆபீஸருக்குக் கொடுக்கிற பேப்பர்ல இந்த வரி பூஜ்யம்தானே, அவருக்குச் சொல்றதையே நாமளும் நமக்குச் சொல்லிப் பார்ப்போம் என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள்.

பையன் சும்மா இருக்கவில்லை. அவனுக்கு ஆஃபர் கொடுத்திருந்த பல்கலைக்கழகத்துக்கே மெயில் போட்டான்: கோடையில் டிஸர்ட்டேஷன் காலத்தில் எத்தனை மணி நேரம்? மூன்றாம் நாள் பதில் வந்தது, இரண்டே வரி. அது டெர்ம் காலம், 20 மணி நேரம். அந்த இரண்டு வரியைக் காப்பி செய்து எக்ஸெலில் 12 வாரக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். டெபாசிட் கட்ட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கன்சல்டன்சியிலிருந்து தினமும் காலை ஒன்பது மணிக்கு வாட்ஸப் வந்துகொண்டிருக்கிறது, சீட் குறைவாகத்தான் இருக்கிறதாம்.